சாணிக் கிணறு

வெள்ளவத்தை,
10-03-1963

அன்புத் தங்கச்சி சிவனேஸ்வரிக்கு,

நானும் உன் மச்சாளும் மகன் யோகலிங்கமும் இங்கே ஒரு குறையுமின்றி இருக்கிறோம். உன் நெஞ்சிருமல் எப்படி? மச்சான் அப்புத்துரையும் பிள்ளை கமலாசனியும் சுகந்தானே?

இந்தியாவில் மூன்று மாதப் பயிற்சி முடித்துப் போன கிழமைதான் திரும்பினேன். அங்கே ஒரு கமக்காரர் வீட்டில் கண்டதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. வீட்டு வளவில் ஒரு கிணறு. தண்ணீர்க் கிணறு அல்ல, சாணிக் கிணறு. பத்தடி ஆழம், செங்கல் கட்டு. சாணியையும் தண்ணீரையும் சம அளவில் கரைத்து உள்ளே விட்டால் அது புளித்துக் காஸ் கிளம்புகிறது. மேலே கவிழ்த்து வைத்த இரும்புப் பீப்பாய் அதைப் பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து குழாய் வழியே குசினிக்குப் போய் அடுப்பில் நீலமாக எரிகிறது. புகை மருந்துக்கும் இல்லை.

எங்கள் விவசாயத் திணைக்களத்தில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். "இலங்கையில் ஒரு வீட்டில் எரித்துக் காட்டு, பிறகு பார்ப்போம்" என்கிறார் தலைமை அதிகாரியான பெரியவர். எனக்கு உன் வீட்டைத் தவிர வேறொரு வீடும் நினைவுக்கு வரவில்லை. உங்களிடம் பன்னிரண்டு மாடு நிற்கிறது. உன் நெஞ்சும் அடுப்புப் புகையில் கரிந்துகொண்டிருக்கிறது. செலவு முழுவதும் திணைக்களத்துடையது. மறுக்காதே.

உன் அண்ணன்,
தவராசா


வட்டக்கச்சி,
26-03-1963

அன்பும் மதிப்பும் உள்ள அண்ணாவுக்கு,

தங்கச்சி எழுதுகிறேன். இங்கு எல்லோரும் நடமாட்டத்தோடு இருக்கிறோம். என் இருமல் பனிக்குக் கூடி வெயிலுக்குக் குறைகிறது. மச்சாளையும் யோகலிங்கத்தையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். "வன்னியில விறகுக்குப் பஞ்சமே? வேலிக்கு அங்கால காடு நிக்குது. கொண்ணருக்குக் கொழும்பில வேலை இல்லைப் போல" என்று சிரித்தார். கமலாசனிதான், "மாமா சொன்னா அதில ஒரு ஞாயம் இருக்கும் அப்பா" என்று உங்கள் பக்கம் கதைத்தாள். நானும் உங்கள் சொல்லை ஒரு நாளும் தட்டியவள் அல்ல. வந்து கட்டுங்கள்.

இன்னொரு விஷயம். பிள்ளைக்கு முரசுமோட்டையில் ஒரு பேச்சு வந்திருக்கிறது. பொடியன் இளையதம்பி, சங்கக்கடை மனேச்சர். தகப்பன் வீரகத்தியர் நல்ல மனிதர். தாய்தான் கடும் ஆசாரக்காரியாம். கண்ட வீட்டில் தண்ணீர்கூட வாயில் வைக்கமாட்டாவாம். பிள்ளைக்கு இருபத்திரண்டு தொடங்கிவிட்டது. இந்த ஒன்று சரிவந்தால் போதும் என்றுதான் பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்புத் தங்கச்சி,
சிவனேஸ்வரி


வட்டக்கச்சி,
21-07-1963

அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். நீங்களும் வீட்டாரும் அப்படியே இருக்க வேண்டும்.

நேற்றுக் காலை அடுப்பு எரிந்தது! நீங்கள் சொல்லிவிட்டுப் போனபடி முதல் காஸை வெளியே போகவிட்டு, இரண்டாம் தரம் பீப்பாய் ஒரு முழம் எழும்பிய பிறகு நெருப்புக் குச்சியை வைத்தோம். கமலாசனிதான் வைத்தாள். நான் வாசலில் நின்றேன், பயம். நீலமாகப் பூத்தது. இவர் வாயைத் திறந்தபடி கால்மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சொல்லப் போய்விட்டார். விறகு பற்றிக் கதைத்த மனிதர் இவர்தான்.

சனம் திருவிழாவுக்கு வருவதுபோல வந்து பார்க்கிறது. வீரகத்தியரும் மனைவியும்கூட வந்தார்கள். அந்த அம்மா அடுப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சாணியில பிள்ளையார் பிடிக்கிறம், சமைச்சால் என்ன?" என்று தேத்தண்ணீர் வாங்கிக் குடித்தா. எனக்குப் பாதிக் கலியாணம் முடிந்த மாதிரி இருந்தது.

காலையில் சாணி அள்ளுவதும் கரைப்பதும் வாய்க்காலில் தண்ணீர் மொள்ளுவதும் பிள்ளையின் வேலை. ஒன்று கேட்க வேண்டும். மேசன் அருளப்பு எங்கள் கக்கூசுப் பக்கத்திலிருந்தும் கிணற்றுக்கு ஒரு குழாய் வைத்துப் பலகையால் அடைத்திருக்கிறார். ஏன் என்றால் "ஐயா சொன்னவர்" என்கிறார். அது என்னத்துக்கு?

சிவனேஸ்வரி


வெள்ளவத்தை,
08-08-1963

தங்கச்சிக்கு,

சுகம், சுகமறிய ஆசை. உன் கடிதத்தைத் திணைக்களத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். தைப் பொங்கல் கழிந்த கையோடு பெரியவரே நேரில் வந்து பார்க்கப்போகிறார். அன்று உன் அடுப்பில் சோறு பொங்க வேண்டும். அதில்தான் என் பதவி உயர்வும், வெளிநாட்டுப் படிப்பும், எல்லாமும் இருக்கிறது.

அந்தக் குழாய் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இப்போதைக்கு அது இருக்கட்டும்.

தவராசா


வட்டக்கச்சி,
27-10-1963

அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். மழை தொடங்கியதால் இருமல் கொஞ்சம் கூட.

நல்ல செய்தி முதலில். முரசுமோட்டைப் பேச்சு சரிவந்துவிட்டது. சாதகம் பொருந்தியிருக்கிறது. தையில் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத் தாலிக்குப் பொன்னுருக்க நாள் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை வெளியே ஒன்றும் காட்டவில்லை. ஆனால் சாணி கரைக்கும்போது பாட்டுச் சத்தம் கேட்கிறது.

மற்றது நல்ல செய்தி அல்ல. அடுப்பு அணைந்துவிட்டது. நீங்கள் கேட்கவில்லை, நானும் உங்களுக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன். காலபோக நெல் விதைத்தால் மாடுகள் வயற்பக்கம் நிற்கக்கூடாது. விதைப்புக் கூட்டத்தில் நாள் வைத்து, ஊர் மாடெல்லாம் காட்டுக்குச் சாய்த்தாயிற்று. எங்களுடையதும் அயலில் உள்ள ஐயாத்துரையரின் மாட்டுப் பட்டியோடு போய்விட்டது. மாசியில் அரிவு வெட்டி முடிந்த பிறகுதான் திரும்பும். வீட்டில் நிற்பது ஒரு பால்மாடு. நாங்கள் யாழ்ப்பாணத்துச் சுழிபுரத்தில் பிறந்தவர்கள், அங்கே மாடு வருடம் முழுவதும் வீட்டுக் கட்டையில் நிற்கும். அந்த நினைப்பில் கட்டிவிட்டீர்கள். பெரியவரைச் சித்திரைக்கு வரச்சொல்ல முடியாதா?

சிவனேஸ்வரி


வெள்ளவத்தை,
07-11-1963

தங்கச்சிக்கு,

பிள்ளையின் விஷயம் கேட்டு மச்சாளும் நானும் மகிழ்ந்தோம். உன் உடம்பைக் கவனித்துக்கொள்.

பெரியவரை நாள் மாற்றி வரச் சொல்ல இயலாது. தையில் தவறினால் இந்தத் திட்டம் குப்பைக்கூடைக்குள் போகும், அதோடு நானும். மாடுகளைக் காட்டுக்குச் சாய்ப்பீர்கள் என்று ஒரு வார்த்தை முன்னமே சொல்லியிருக்கலாம்.

இனி அந்தக் குழாயைப் பற்றி. அதன் பலகையை எடுத்துவிடு. மலசலகூடத்துக் கழிவு கிணற்றுக்குள் வரட்டும். பால்மாட்டின் சாணியும் அதோடு சேர்ந்தால் போதும். பத்துப் பன்னிரண்டு நாள் எரிக்காமல் சேர்த்து வைத்தால் ஒரு பானைச் சோற்றுக்குக் காஸ் வரும். அருவருக்காதே. நெருப்பு எல்லாவற்றையும் சுத்தமாக்கிவிடும். இந்தியாவில் படித்தவர்கள் வீட்டில்கூடச் செய்கிறார்கள். மச்சானுக்குச் சொல்லவேண்டாம். இது உனக்கும் எனக்கும் இடையில் இருக்கட்டும்.

தவராசா


வட்டக்கச்சி,
01-12-1963

அண்ணாவுக்கு,

சுகமாக இருக்கிறோம்.

நீங்கள் எழுதியபடி செய்தேன். இவர் வயலுக்குப் போயிருந்த நேரம், பிள்ளையைக் கோயிலுக்கு அனுப்பிவிட்டு நானே எடுத்தேன். பீப்பாய் எழும்புகிறது. ஆனால் அந்த அடுப்பில் ஒரு கேத்தில் தண்ணீர்கூட நான் வைக்கவில்லை. அடுப்பின் இரும்பு பழுது, அண்ணா வந்துதான் திருத்த வேண்டும் என்று பொய் சொல்லி விறகில்தான் சமைக்கிறேன்.

நீங்கள் வரும் அதே நாளுக்கு இவர் வீரகத்தியர் வீட்டாரையும் கூப்பிட்டுவிட்டார். பெரிய மனிதர்கள் முன்னால் நாள் வைத்தால் தன் மகளுக்கு மதிப்பாம். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. காரணம் சொல்லாமல் எப்படி மறிப்பது? அண்ணா, அன்று எல்லோருக்கும் விறகில் சமைத்துவிட்டு, அடுப்பை வெறுமனே எரித்துக் காட்டட்டுமா? அந்த அம்மாவின் காதில் இது விழுந்தால் என் பிள்ளையின் வாழ்வு போய்விடும். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

சிவனேஸ்வரி


வெள்ளவத்தை,
19-12-1963

தங்கச்சிக்கு,

எல்லோரும் சுகம்.

வெறும் அடுப்பைப் பார்க்கவா பெரியவர் கொழும்பிலிருந்து இருநூறு மைல் வருகிறார்? சோறு அதில்தான் வேக வேண்டும், அதைத்தான் விருந்தாளிகள் சாப்பிட வேண்டும். என் அறிக்கையில் எழுதியாகிவிட்டது. உன் சம்பந்திகள் காதில் எப்படி விழும்? உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கமாட்டேன். கமலாசனி எனக்கும் பிள்ளைதானே.

தவராசா


வெள்ளவத்தை,
03-02-1964

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். உங்கள் வீட்டில் எல்லோரும் எப்படி?

அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது. பத்திரிகையில் படமும் வந்தது. நீ பானைக்குப் பக்கத்தில் நிற்கிறாய், வெட்டி அனுப்பியிருக்கிறேன். ஆவணியில் ஒரு வருடத்துக்கு என்னை வெளிநாடு அனுப்புகிறார்கள். எல்லாம் உன் கைராசி.

அன்று கடைசியில் கொஞ்சம் சலசலப்பு ஆகிவிட்டது. அதை மனதில் வைக்காதே. படிப்பறிவில்லாத சனம். இரண்டு மாதத்தில் மறந்துவிடும். அந்த இடம் இல்லாவிட்டால் அதைவிட நல்ல இடம். பங்குனிக்குள் காஸ் எழும்பும் அளவை நாள்வாரியாக எழுதி அனுப்பு.

தவராசா


வட்டக்கச்சி,
12-04-1964

அண்ணாவுக்கு,

உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

அன்று நடந்ததை என் பக்கத்தில் நின்று ஒருமுறை பாருங்கள். பெரியவர் இங்கிலீசில் பேசினார், நீங்கள் தமிழில் சொன்னீர்கள். நாட்டின் வளம், பொருளாதாரம் என்று அவர் பத்து நிமிடம் பேசியதை நீங்கள் இரண்டு வரியில் முடித்தீர்கள். சனம் சோற்றில் கையை வைத்துவிட்டது. பிறகு அவர், உங்கள் அறிக்கையில் வாசித்திருப்பார் போல, கக்கூசுப் பக்கம் கையைக் காட்டிச் சிரித்துக்கொண்டு ஏதோ சொன்னார். அதை மட்டும் நீங்கள் ஒரு சொல் குறையாமல் குரலை உயர்த்திச் சொன்னீர்கள்: "மாட்டுச் சாணி மட்டுமல்ல, இந்த வீட்டு மலசலகூடக் கழிவிலிருந்தும் வந்த காஸில்தான் நீங்கள் சாப்பிடுகிற சோறு வெந்தது." அந்த ஒன்றைச் சுருக்கியிருக்கலாமே அண்ணா. விட்டிருக்கலாமே.

வீரகத்தியர் மனைவி வாயில் இருந்ததைக் கையில் துப்பினா. "சாணியெண்டு சொல்லிப்போட்டு எங்களுக்கு என்னத்தைத் தீத்தினனீங்கள்?" என்று கேட்டா. கிணற்றடியில் போய் ஓங்காளித்து வாயைக் கொப்புளித்துவிட்டு வண்டியில் ஏறினார்கள். இளையதம்பி ஒருமுறை திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான். நீங்கள் அன்று விரதம் என்று இளநீரோடு நிறுத்திக்கொண்டீர்கள். புதன்கிழமையில் என்ன விரதம் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

இவர் மறுநாளே அந்தக் குழாயை உடைத்துச் சீமெந்து பூசினார். பிறகு ஒரே கேள்வி கேட்டார். "உனக்கு முதலே தெரியுமோ?" ஓம் என்றேன். இப்போது தருமபுரத்தில் தமையன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு அங்கிருந்து வயலுக்கு வந்துபோகிறார். நான் சமைத்ததைத் தொடுவதில்லை.

மாடுகள் திரும்பிவிட்டன. கிணற்றில் இப்போது சாணி மட்டும்தான். யார் நம்புகிறார்கள்? விறகு தறித்துத்தர ஆளில்லாததால் நானும் பிள்ளையும் அதிலேயே சமைக்கிறோம். கோயிலில் எங்கள் வீட்டுப் பொங்கல் பானையை வேறாக வைக்கச் சொன்னார்கள். வாய்க்காலுக்குத் தண்ணீருக்குப் போனால் பிள்ளைக்குக் "கக்கூசுக் காஸ்" என்று பெயர். அவள் அழுவதில்லை. பாட்டும் இல்லை. மூன்று இடத்தில் பேச்சு எடுத்தோம். மூன்று இடத்திலும் இதையே சொல்லி விட்டுவிட்டார்கள்.

அண்ணா, யோகலிங்கம் எனக்கு மருமகன் முறை. உரிமை இருந்தும் நான் இத்தனை காலம் வாய் திறக்கவில்லை. மச்சாளுக்குக் கொழும்பில் பெண் எடுக்க விருப்பம் என்று தெரிந்து ஒதுங்கியே இருந்தேன். இப்போது கேட்கிறேன். இதில் அசுத்தம் ஒன்றும் இல்லை என்று எனக்கு எழுதியவர் நீங்கள். இலங்கை முழுவதிலும் அதை நம்புகிற ஒரே மனிதர் நீங்கள்தான். உங்கள் மகனை என் மகளுக்குத் தாருங்கள். நான் செய்த பிழையும் நீங்கள் செய்த பிழையும் அவளோடு போகாமல் இருக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

சிவனேஸ்வரி


வெள்ளவத்தை,
28-06-1964

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் சுகமே இருக்க இறைவனை வேண்டுகிறேன். பயண வேலைகளில் பதில் எழுதப் பிந்திவிட்டது. குறை நினைக்காதே. கப்பல் ஆவணி முதற்கிழமை. குளிருக்கு உடுப்புத் தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

அன்றைய விஷயம். பெரியவருக்கும் கொஞ்சம் தமிழ் விளங்கும், அதை விட்டிருந்தால் தெரிந்திருக்கும். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் என்ன செய்ய?

நீ கேட்டதைப் பற்றி. எனக்கு இதில் ஒரு நம்பிக்கையீனமும் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் உன் மச்சாளின் ஆட்கள் எப்படியோ கேள்விப்பட்டுவிட்டார்கள். நாலு பேர் வந்துபோகிற வீடு. "நாளைக்கு அவளின்ர கையால ஆர் சாப்பிடுவினம்?" என்று உன் மச்சாள் கேட்கிறாள். விஞ்ஞானம் வேறு, குடும்பம் வேறு. யோகலிங்கத்துக்கும் இப்போது கலியாண எண்ணம் இல்லை. கொஞ்சக் காலம் பொறு. உன் பிள்ளைக்கு ஒரு வழி பிறக்கும்.

இத்துடன் திணைக்களத்தின் படிவம் ஒன்று வைத்திருக்கிறேன். வேறு இருபது வீடுகளுக்குச் சாணிக் கிணறு கொடுப்பதற்கு முன், முதல் வீட்டுக்காரரின் உறுதிமொழி தேவையாம். கேட்டிருப்பதற்கு ஒழுங்காகப் பதில் எழுதிக் கையெழுத்து வைத்து நான் கப்பல் ஏறுமுன் அனுப்பிவிடு. இது மிக அவசரம்.

தவராசா


வட்டக்கச்சி,
15-07-1964

மதிப்புக்குரிய மாமாவுக்கு,

கமலாசனி எழுதுகிறேன். அம்மாவுக்கு இருமல் இல்லை. புகையில்லாத அடுப்பு நல்லதுதான். ஆனால் இரண்டு கிழமையாகப் பாயில்தான் கிடக்கிறா. அப்பா தருமபுரத்தில் சுகம். மாமியையும் யோகலிங்கம் மச்சானையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தை அம்மா எனக்குக் காட்டவில்லை. அரிசிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தா. சமைப்பவள் நான் என்பதை மறந்துவிட்டா. உங்களிடம் மச்சானைக் கேட்கும்படி நான் சொல்லவில்லை, மாமா. கேட்டிருக்கிறா என்று தெரிந்தபோது வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருந்தது. உங்கள் பதிலை வாசித்த பிறகு அந்த வெட்கம் போய்விட்டது. வெட்கப்பட வேண்டியவள் நான் அல்ல என்று விளங்கியது.

படிவத்தை நிரப்பி இத்துடன் அனுப்புகிறேன். காஸ் நாள்தோறும் எரிகிறதா என்று கேட்டிருக்கிறார்கள். எரிகிறது. வீட்டாருக்குப் பயன்படுகிறதா? பயன்படுகிறது. சமைப்பது இரண்டு பேருக்குத்தான், மிஞ்சுகிறது. அயலார் வந்து பார்க்கிறார்களா? முன்பு வந்தார்கள். எல்லாம் உண்மையாகவே எழுதியிருக்கிறேன். இருபது வீடுகளுக்கும் கொடுக்கட்டும். நெருப்பில் ஒரு பிழையும் இல்லை.

கடைசியில் ஒரு கேள்வி: கிணற்றைத் தினமும் பராமரிக்க வீட்டில் நிரந்தரமாக ஆள் உண்டா, எத்தனை வருடத்துக்கு? அதற்கு இப்படி எழுதினேன்: "உண்டு. இந்த வீட்டு மகள் கமலாசனி, வயது இருபத்துமூன்று. கலியாணமாகிப் போய்விடுவாள் என்ற பயம் திணைக்களத்துக்கு வேண்டாம்."

வீட்டுக்காரரின் கையெழுத்து வேண்டுமாம். அம்மா படிவத்தைத் தொடவில்லை, அதனால் நானே வைத்துவிட்டேன். அதற்குக் கீழே, இவையெல்லாம் உண்மை என்று அறிந்த ஒருவர் சாட்சிக் கையெழுத்து வைக்க ஒரு கோடு விட்டிருக்கிறார்கள். இங்கே எங்களுக்குச் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. அதில் நீங்கள் வையுங்கள், மாமா.

இப்படிக்கு,
அ. கமலாசனி